காதைச் சமன் செய்யக் கரையிலேயே பழகுவது எப்படி?

திருகோணமலையில் ஃப்ரீடைவிங் எனப்படும், கருவியின்றி ஒரே மூச்சில் மூழ்கும் கலையில் மூன்று நாள் தொடக்கநிலைப் பயிற்சியை முடித்துவிட்டு மதுரைக்குத் திரும்பியிருக்கும் ஒருவருடைய கேள்வி இது: காற்றுக் கலத்தைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபாவில் 18 மீட்டர் வரை எந்தத் தொல்லையும் இல்லாமல் இறங்கிய தமக்கு, மூச்சை அடக்கித் தலைகீழாக இறங்கும்போது 7 மீட்டரிலேயே காது அடைத்துக்கொள்கிறது, அடுத்த பயணத்துக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன, கடலும் ஆழமான குளமும் இல்லாத ஊரில் இதை வீட்டிலேயே பழக முடியுமா, முடியுமென்றால் எதை, எப்படிப் பழகுவது?

முடியும். சொல்லப்போனால் இதன் பெரும்பகுதியைக் கரையில்தான் கற்றுக்கொள்ள முடியும். நீருக்குள் ஒரு முறை இறங்க உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடமோ முக்கால் நிமிடமோதான். அதற்குள் காலில் மாட்டிய துடுப்பை அசைக்க வேண்டும், வழிகாட்டியாகக் கீழே தொங்கும் கயிற்றைக் கவனிக்க வேண்டும், உடம்பைத் தளர்த்த வேண்டும். அந்த அவசரத்தில் நாக்கு எங்கே இருக்கிறது, மேல்வாயின் பின்பக்கத்து மென்பகுதியான மெல்லண்ணம் மேலே போயிற்றா கீழே வந்ததா என்று எவராலும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு காதில் 'டப்' என்று சத்தம் வரும்வரை ஊதிப் பார்ப்பதைத்தான் பலரும் கரைப் பயிற்சி என்று நினைக்கிறார்கள். அப்படி நான்கு மாதம் ஊதினாலும் நீங்கள் மீண்டும் அதே 7 மீட்டரில்தான் நிற்பீர்கள்.

அந்த 7 மீட்டரில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் 1 வளிமண்டலம். 10 மீட்டர் ஆழத்தில் 2. 20 மீட்டரில் 3. 30 மீட்டரில் 4. எனவே மேலே 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகவும், 30 மீட்டரில் 1.5 லிட்டராகவும் சுருங்கும். செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவியில் இருக்கும் காற்றுக்கும் இதே கணக்குதான். அது சுருங்கச் சுருங்கச் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். அதை ஈடுகட்ட, நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கின்ற, ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர் நீளமுள்ள யூஸ்டேஷியன் குழாய் வழியாகச் சிறிது காற்றை அனுப்ப வேண்டும். அந்தக் குழாயின் மூக்குப் பக்கத்துப் பகுதி குருத்தெலும்பாலும் மென்திசுவாலும் ஆனது. சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கண நேரம் திறக்கும். வெளியழுத்தம் உள்ளழுத்தத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு, அதாவது சுமார் 1.2 மீட்டர் நீரின் அழுத்தத்துக்கு, மிஞ்சிவிட்டால் அந்த மென்திசு ஒட்டிப் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு தசைகளால் அதைத் திறக்க முடியாது. வலுவாக ஊதித் திறக்கப் பார்ப்பதோ ஆபத்து. வலி தெரிந்த பிறகு சமன் செய்துகொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் தோற்பது இதனால்தான்.

ஸ்கூபாவில் நீங்கள் நிமிர்ந்த நிலையில், மெதுவாக, வேண்டிய இடத்தில் நின்று நின்று இறங்கினீர்கள். அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடான காற்றைக் கருவி உங்களுக்குத் தந்துகொண்டே இருந்தது. நுரையீரல் எப்போதும் நிறைந்திருந்ததால் மூக்கைப் பிடித்து ஊதினாலே போதுமாக இருந்தது. ஃப்ரீடைவிங்கில் கொண்டுபோவது ஒரே மூச்சு. அதுவும் சுருங்கிக்கொண்டே போகிறது. நீங்களோ தலைகீழாக, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்குகிறீர்கள். தலைகீழாக இருக்கையில் காற்று மேல்நோக்கி, அதாவது தலையை விட்டு நெஞ்சை நோக்கிப் போகப் பார்க்கும்; வயிற்றையும் நெஞ்சையும் இறுக்கி அதை மூக்குக்குத் தள்ளுவது கடினமாகிக்கொண்டே வரும்; இறுக்கும் உடம்பில் தொண்டையும் சேர்ந்து இறுகும். 5 முதல் 10 மீட்டருக்குள் பலர் நின்றுவிடுவது இதனால்தான். ஆகவே உங்கள் காதில் குறை இருக்கிறது என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் உத்திக்கு அங்கே எல்லை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூக்கைப் பிடித்து ஊதும் அந்த உத்திக்கு வால்சால்வா என்று பெயர். இத்தாலிய உடற்கூற்றியலாளர் அந்தோனியோ மரியா வால்சால்வா 1704-இல் காதைப் பற்றி எழுதிய நூலில் அதை விவரித்தார். காதில் தேங்கிய சீழை வெளியேற்றுவதற்காகச் சொல்லப்பட்ட வழி அது, நீரில் மூழ்குகிறவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டதன்று. நீங்கள் பழக வேண்டியது ஃப்ரென்சல் முறை. ஹெர்மன் ஃப்ரென்சல் என்ற ஜெர்மன் காது மருத்துவர் போர் விமானிகளுக்காக வகுத்த முறை இது. வேகமாகக் கீழே பாயும் விமானத்தில் இருப்பவரால் வயிற்றை இறுக்கி ஊதிக்கொண்டிருக்க முடியாது என்பதே அதன் பின்னணி. இதில் நுரையீரலுக்கு வேலையே இல்லை. தொண்டைக்கு மேலே வாயிலும் மூக்கின் பின்புறத்திலும் இருக்கிற கொஞ்சக் காற்றைக் கீழே போகாமல் அடைத்துவிட்டு, நாக்கைச் சைக்கிள் பம்பின் தண்டுபோல் இயக்கி அழுத்துகிறோம். நடுச்செவிக்குத் தேவைப்படும் காற்று ஓரிரு மில்லிலிட்டர் அளவுதான் என்பதால் நாக்கின் சிறு அசைவே போதும்.

இதற்கு மூன்று கதவுகள் உங்கள் சொல்படி நடக்க வேண்டும்: குரல்நாண்கள் இரண்டும் சேர்ந்து மூடுகிற குரல்வாய், வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தொங்கும் மெல்லண்ணம், பிறகு நாக்கு. மூன்றையும் நாள் முழுதும் பேசும்போதும் விழுங்கும்போதும் இயக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் தெரிந்து இயக்கியதில்லை. கரைப் பயிற்சி முழுவதும் இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து உணர்வதற்குத்தான்.

குரல்வாயை உணர எளிய வழி விக்கல். விக்கலின் 'க்' என்ற அந்த வெட்டுச் சத்தம் குரல்வாய் சட்டென்று மூடிக்கொள்வதால் வருவது. இருமப்போகும் கணத்துக்குச் சற்று முன்பும் அங்கேதான் மூடுகிறது. வாயை அகலத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய விடுவதுபோல 'ஹா' என்று மூச்சை விடுங்கள், பாதி வழியில், உதட்டையும் நாக்கையும் அசைக்காமல், மூச்சை மட்டும் நிறுத்துங்கள், மறுபடியும் விடுங்கள். நின்ற இடம் குரல்வாய். மூச்சை இழுக்கும்போதும் இதேபோல் பாதியில் நிறுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லோரும் குடம் தூக்கும்போது மூச்சுப் பிடிப்பதுபோல் கழுத்தையே இறுக்குவார்கள். அவ்வளவு வலு தேவையில்லை. பக்கத்து அறையில் ஏதோ சத்தம் கேட்டு உற்றுக் கேட்கும்போது மூச்சு எவ்வளவு மென்மையாக நிற்குமோ, அந்த மென்மை போதும். பேருந்தில் உட்கார்ந்துகூட இதைச் செய்யலாம். ஓரிரு நாளில் பிடிபட்டுவிடும்.

மெல்லண்ணம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான் என்பது என் அனுபவம். மேலே எழுந்தால் அது மூக்கை அடைத்துவிடும். கீழே இறங்கி நாக்கின் அடியைத் தொட்டால் வாயை அடைத்துவிடும். நடுவில் நின்றால் இரண்டும் திறந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த அசைவைப் பார்க்க எவர்சில்வர் தட்டு ஒன்று போதும். பளபளப்பான சிறு தட்டை ஐந்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். நம் ஊர் வெயிலில் அப்படிக் குளிர்விக்காவிட்டால் ஆவி படிவதே தெரியாது. அதன் விளிம்பை மேலுதட்டின் மீது, மூக்குக்கும் வாய்க்கும் இடையே தரைக்கு இணையாக வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடியே மூச்சை விடுங்கள். தட்டின் மேற்பக்கம் மட்டும் ஆவி படிந்தால் காற்று மூக்கு வழியாகப் போகிறது; அடிப்பக்கம் மட்டும் படிந்தால் வாய் வழியாகப் போகிறது; இரு பக்கமும் படிந்தால் மெல்லண்ணம் நடுவில் இருக்கிறது. வாயை ஒரு முறைகூட மூடாமல் இம்மூன்றையும் நினைத்த மாத்திரத்தில் மாற்றி மாற்றிச் செய்ய வர வேண்டும். முதல் நாள் தட்டின் மேற்பக்கம் எப்போதும் ஈரமாகவே இருந்தால் கவலைப்படாதீர்கள். ஊதிய பலூனை வாயில் பிடித்திருப்பதுபோல் கற்பனை செய்துகொண்டு விடும் மூச்சு மூக்குப் பக்கம் போகாது. ஃப்ரென்சலுக்கு வேண்டியது நடுநிலை. மூக்கை அடைத்தபடி மெல்லண்ணம் மேலே எழுந்துவிட்டால், நாக்கு எவ்வளவு அழுத்தினாலும் காற்று காதுப் பக்கம் போகாது. கன்னம் மட்டும் உப்பும்.

இனி நாக்கு. ஆங்கிலத்தில் கற்பிக்கும் பயிற்றுநர்கள் 'ட' என்று சொல்லப்போவதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு, பிறகு 'க' என்று சொல்லப்போவதுபோல் பின்னால் அழுத்தச் சொல்வார்கள். நாக்கின் இடத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் இந்த வழியில் குழம்பியவர்களைப் பார்த்த பிறகு எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ட், க் ஆகிய வல்லெழுத்துகளை ஒலிக்கும்போது மெல்லண்ணம் மேலே எழுந்து மூக்கை அடைத்துவிடுகிறது. அந்த எழுத்துகளின் வன்மையே அதனால்தான் வருகிறது. அதாவது நாக்கைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்ன அதே எழுத்து, திறந்திருக்க வேண்டிய கதவைச் சாத்திவிடுகிறது. தமிழ் பேசுகிற நமக்கு இதைவிட நேரான வழி கையிலேயே இருக்கிறது. வல்லினத்துக்கு இனமான மெல்லினம் ஒவ்வொன்றும் நாக்கின் அதே இடத்தில் பிறப்பது. ஒரே வேறுபாடு, மெல்லண்ணம் தாழ்ந்து மூக்கு வழி திறந்திருப்பது. 'சங்கு' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: ங்-இலிருந்து கு-வுக்குப் போகும் நொடியில் நாக்கு நகரவே இல்லை, மெல்லண்ணம் மட்டும் மேலே எழுகிறது. அதுதான் நீங்கள் தட்டில் பார்த்த அசைவு. 'பந்து', 'மஞ்சள்' என்பவற்றிலும் அப்படியே.

ஆகவே ந், ஞ், ங் என்ற மூன்றையும் அதே வரிசையில், உயிரெழுத்துச் சேர்க்காமல், இடையில் நிறுத்தாமல் ஒலியுங்கள். ந்-இல் நாக்கின் நுனி பல்லடியைத் தொடும். அங்கிருந்து ஒட்டியபடியே நாக்கின் நடுப்பகுதி எழுந்து அண்ணத்தைத் தொட்டால் ஞ். பிறகு அடிநாக்கு பின்னால் எழுந்தால் ங். தோசைக்கல்லின் மேல் மாவைத் தேய்த்துக்கொண்டே போவதுபோல் தொடுமிடம் முன்னிருந்து பின்னுக்கு நகர்கிறது. நாக்கின் பின்னாலுள்ள வெளி சுருங்குகிறது. மூக்கு வழி மட்டும் முழுநேரமும் திறந்திருக்கிறது. ஃப்ரென்சலின் நாக்கு அசைவு முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களின் உட்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று ஓரத்தால் கசிந்து கன்னத்துக்கு வந்துவிடும்.

இப்போது மூன்றையும் சேர்ப்போம். நிமிர்ந்து உட்கார்ந்து, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டுவிட்டு, நெஞ்சில் காற்று குறைவாக இருக்கும் நிலையில் தொடங்குங்கள். நாக்கை ந் நிலைக்குக் கொண்டுபோய், மூக்கை இரு விரல்களால் மென்மையாக அடைத்து, குரல்வாயைச் சாத்தி, ஒலி எழுப்பாமல் ந்–ஞ்–ங் என்று நாக்கை மட்டும் உருட்டுங்கள். விரல்களுக்கு இடையில் மூக்கின் பக்கங்கள் பலூன்போல் விம்முவதை உணர்ந்தால் காற்று சரியான இடத்துக்கு வருகிறது. காதில் மெல்லிய 'க்ளிக்' சத்தமோ, வெளி ஓசைகள் ஒரு கணம் மங்குவதோ தெரியலாம். முதல் வாரம் காதில் எதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை. மூக்கு விம்முவதே அந்த வாரத்துக்குப் போதுமான வெற்றி.

வால்சால்வா தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டதா என்று பார்க்க, இன்னொரு கையைத் தொப்புளுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். வயிறு சிறிதேனும் துள்ளினால் நீங்கள் நுரையீரலிலிருந்து ஊதுகிறீர்கள். கண்ணாடியில் பார்த்தால் ஃப்ரென்சலில் கழுத்தின் முன்புறம் துருத்தும் குரல்வளை மேடு மேலே ஏறி இறங்குவது தெரியும். வயிறும் தோளும் அசையாது. இன்னும் கறாரான சோதனை, மூச்சை வலிந்து பிழியாமல் முடிந்தவரை வெளியே விட்டுவிட்டு, நெஞ்சைத் தளரவிட்டுத் தொடர்ந்து ஐந்து முறை மூக்கை விம்மச் செய்வது. நெஞ்சில் தள்ளுவதற்குக் காற்று இல்லாத அந்த நிலையிலும் ஐந்தும் ஒரே அளவில் வந்தால் அது ஃப்ரென்சல்தான்.

அளந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். நான் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய சாதனம் இது. மட்டம் பார்ப்பதற்குக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, உள்ளே தண்ணீர் தெரிகின்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய், அதில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வாங்கி, சுவரில் ஆங்கில 'யு' வடிவில் ஒட்டி, அதன் இரு கால்களிலும் பாதி உயரம் வரும் வரை தண்ணீர் ஊற்றினேன். நிலை தெளிவாகத் தெரிய ஒரு துளி சொட்டு நீலம் கலந்தேன். இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றை ஒட்டினேன். ஒரு முனையில் மென்மையான ரப்பர் காதடைப்பானைத் துளையிட்டுச் செருகி ஒரு மூக்குத் துளையில் வைத்து, மறு துளையை விரலால் அடைத்துக்கொண்டு ஃப்ரென்சல் செய்தால், ஒரு காலில் நீர் இறங்கி மறு காலில் ஏறும். இரண்டுக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு 30 சென்டிமீட்டர் என்றால், 30 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்போது கூடும் அழுத்தத்தை உங்கள் நாக்கு உண்டாக்கியிருக்கிறது. மாற்றிக் கணக்கிட வேண்டிய தேவையே இல்லை. ஊதும்போது நீர் தயங்கி, நடுங்கி ஏறும். நாக்கால் செய்யும்போது சட்டென்று படியேறும். ஏறிய இடத்தில் மூன்று நொடி அசையாமல் நின்றால் எந்தக் கதவிலும் கசிவில்லை. மெல்ல இறங்கினால் குரல்வாயோ நாக்கின் ஓரமோ கசிகிறது. என் வரம்பாக 40 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டேன். அதைத் தாண்டுவதில் பெருமை ஒன்றுமில்லை. நல்ல பழக்கமுள்ளவர்களுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே காது திறக்கும். மூக்கினால் ஊதும் சிறு பலூன்களும் கைப்பேசியோடு இணையும் அழுத்தமானிகளும் கடைகளில் கிடைக்கின்றன. சுவரில் ஒட்டிய குழாய் சொல்லாத எதையும் அவை தொடக்கநிலையில் உங்களுக்குச் சொல்லிவிடப் போவதில்லை.

கரையில் செய்யும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. நீருக்குள் செவிப்பறையை வெளியிலிருந்து நீர் அழுத்துகிறது; நீங்கள் உள்ளிருந்து அனுப்பும் காற்று அதை நடுவுக்குக் கொண்டுவருகிறது. வீட்டு நாற்காலியில் வெளியிலிருந்து அழுத்துவது எதுவும் இல்லை. அனுப்பும் காற்றெல்லாம் செவிப்பறையை வெளிப்பக்கம் புடைக்கச் செய்கிறது. ஆகவே காது திறந்த ஒவ்வொரு முறைக்குப் பிறகும் மூக்கை விட்டுவிட்டு எச்சிலை விழுங்கி அதைத் தணியவிடுங்கள். காது உண்மையில் திறக்கும் பயிற்சியை ஒரு நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். தட்டையும் ந்–ஞ்–ங் வரிசையையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்யலாம். நான் தொடங்கிய ஆண்டில், சளி பிடித்திருந்த ஒரு வாரம் முழுவதும் பிடிவாதமாகப் பழகி, சளியைக் காதுக்குள்ளேயே தள்ளி, பத்து நாள் குடத்துக்குள் தலையை விட்டதுபோல் கேட்டுக்கொண்டு திரிந்தேன். மூக்கு ஒழுகும்போது மெல்லண்ணப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலுவாக ஊதுவதால் உட்செவியின் மெல்லிய சவ்வுகள் கிழிந்து தலைச்சுற்றலும் கேட்புக் குறைவும் நிலைத்துவிட்டவர்கள் உண்டு. இது கரையிலும் நேரக்கூடியது. காதில் சீழ் வடிந்த வரலாறு, செவிப்பறையில் துளை, அண்மையில் நடந்த காது, மூக்கு அல்லது கண் அறுவை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். மூக்கடைப்பைப் போக்கும் சொட்டு மருந்தை நம்பிக் கடலில் இறங்குவதும் வேண்டாம். அதன் வீரியம் ஆழத்தில் இருக்கும்போது தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது விரிகின்ற காற்று காதை விட்டு வெளியேற வழியின்றி நிற்கும்.

ஃப்ரென்சல் உட்கார்ந்த நிலையில் தடையில்லாமல் வந்த பிறகு, தலையைக் கீழே கொண்டுபோங்கள். கட்டிலின் குறுக்கே குப்புறப் படுத்து, இடுப்புக்கு மேலே உடம்பைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, முன்கைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டால் போதும். தலைக்கு ரத்தம் இறங்கி மூக்கின் உட்தோல் சற்று வீங்கும். உட்கார்ந்திருக்கையில் பத்துக்குப் பத்து வந்தது இங்கே பத்துக்கு மூன்று என்று ஆகும். அதுதான் உங்கள் உண்மையான நிலை. முகவாயை நெஞ்சுப் பக்கம் சற்று இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கழுத்தை அண்ணாத்தினால் தொண்டையின் முன்பக்கம் இழுபட்டு நாக்கும் குரல்வாயும் சரியாக இயங்காது. நீருக்குள் 7 மீட்டரில் நின்றுவிடுபவர்களில் கணிசமானவர்கள் அடித்தளத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக் கழுத்தை நிமிர்த்துபவர்களே. உங்கள் பயிற்சியின் காணொளி இருந்தால் இதை ஒரு முறை சரிபாருங்கள்.

மதுரையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டு வரை இறங்கும்போது காற்றழுத்தம் கூடுவது, கடலில் ஏறத்தாழ 2 மீட்டர் இறங்குவதற்குச் சமம். 7 மீட்டருக்கு முன் இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த 2 மீட்டர் இரண்டு மணி நேரத்துக்குமேல் நீண்டு, வெளியழுத்தம் உண்மையிலேயே கூடிக்கொண்டு வருகிற ஒரே கரைப் பயிற்சி அது. பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும், காது மந்தமாவதற்கு முன்பே ஒரு மென்மையான ஃப்ரென்சல் செய்துகொண்டே வாருங்கள். காது அடைத்த பிறகு திறப்பதற்கும் அடைக்கும் முன் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு உடம்புக்குப் பதிவது அந்தப் பயணத்தில்தான். கொட்டாவியை வாயை மூடி அடக்குவதுபோல் செய்து, மூக்கைப் பிடிக்காமலே குழாயைத் திறக்கும் முறையையும் அப்போது முயன்று பாருங்கள். எல்லோருக்கும் வராது, வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வண்டியை ஓட்டுபவர் இவற்றில் எதையும் முயலக் கூடாது.

மவுத்ஃபில் பற்றியும் படித்திருப்பீர்கள். கனடா நாட்டு எரிக் ஃபத்தாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த முறையில், நெஞ்சிலிருந்து மேலே காற்றைக் கொண்டுவருவது இயலாததாகும் முன்பே வாயையும் கன்னங்களையும் நிரப்பிக்கொண்டு, குரல்வாயைச் சாத்தி, மீதி ஆழம் முழுவதற்கும் அந்தக் காற்றையே செலவு செய்வார்கள். 30 மீட்டருக்குக் கீழே போகிறவர்களுக்கு அது தேவை. உங்களுக்கு இப்போது தேவையில்லை. அதன் அடிப்படைப் பயிற்சி ஒன்றை மட்டும் இப்போதே செய்து வைக்கலாம்: கன்னங்களை உப்பவைத்தபடி மூக்கினால் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டே செய்தித்தாளில் ஒரு பக்கம் படிப்பது. கன்னத்தின் காற்று குறையாமல் ஒரு பக்கம் முடிந்தால் உங்கள் அடிநாக்கும் மெல்லண்ணமும் நல்ல நட்போடு இருக்கின்றன.

நான்கு மாதங்களில் முதல் மூன்று வாரம் தட்டோடும் குரல்வாயோடும் மட்டும் போகட்டும். அவசரப்பட்டு மூக்கைப் பிடிக்காதீர்கள். அடுத்த மாதம் உட்கார்ந்து ஃப்ரென்சல். அதன் பிறகு கட்டில். ஒரு நாளுக்குப் பத்து நிமிடம், அதுவும் விட்டுவிட்டு, போதுமானது. இவற்றில் எதற்கும் மூச்சை நெடுநேரம் அடக்க வேண்டியதில்லை. குளத்தில் தனியாக மூச்சடக்கிப் பார்க்கும் சபலம் வந்தால், உடனிருந்து கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாமல் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கடலுக்குத் திரும்பிய முதல் நாள், துடுப்படித்துத் தலைகீழாகப் பாயாமல், கயிற்றைக் கையால் பிடித்துக் கால் கீழாக மெதுவாக 5 மீட்டர் வரை இறங்க அனுமதி கேளுங்கள். மேற்பரப்பிலேயே ஒரு முறை சமன் செய்துவிட்டு, தலை நீருக்குள் போனவுடன் மறுபடியும், பிறகு ஒவ்வொரு கைப்பிடி இழுவைக்கும் ஒரு முறை என்று போங்கள். முதல் 10 மீட்டரில்தான் அழுத்தம் இரு மடங்காகிறது, அதனால் அங்கேதான் அடிக்கடி வேண்டும். மாஸ்க்குக்குள்ளும் மூக்கினால் சிறிது காற்று விட வேண்டியிருக்கும்; கரையில் பழகாத புது வேலை அது ஒன்றுதான். அடுத்து அதே கயிற்றில் தலைகீழாக இழுத்துக்கொண்டு இறங்குங்கள். ஏதேனும் ஓரிடத்தில் ஒரு காது மட்டும் திறக்க மறுத்தால், கயிற்றைப் பிடித்து நின்று, அரை மீட்டர் மேலே வந்து, அந்தக் காது மேற்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து ஒரே ஒரு முறை ந்–ஞ்–ங் செய்யுங்கள். அப்போதும் திறக்கவில்லையென்றால் திரும்பி மேலே வந்து, கயிற்று மிதவையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் மூச்சு வாங்குங்கள்.